நம் மாடிக்கு வெயில் போதாது

கடற்கரைத் தெரு,
17-2-2013, ஞாயிறு

அன்பு மகன் சிஜோவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் உன் அம்மையும் இங்கே இருக்கிறோம். நீயும் அந்தச் சவூதித் தம்மாம் வெயிலில் உடம்பைப் போட்டு வதைக்காமல் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உனக்கென்று தனியாக ஒரு மணி உருட்டுகிறோம். சுகம் என்று நான் எழுதினால் கீழே படித்து வரும்போது அப்பன் பொய் எழுதியிருக்கிறான் என்று நினைப்பாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதினேன். பதற வேண்டாம், அம்மை இப்போது அடுக்களையில் நின்று கஞ்சிக்குப் பயறு வேகவைக்கிறாள், சத்தமும் கேட்கிறது. உன் அக்காள் பிரிஜா இராஜாக்கமங்கலத்தில் பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள், பெரியவன் முதல் நற்கருணைக்குப் படிக்கிறான். இந்தக் கடிதத்தை நம் தெரு மரியஜான் கையில் கொடுத்து விடுகிறேன், லீவு முடிந்து புதன்கிழமை உன் கம்பெனிக்கே திரும்புகிறானே. கவரை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து இரண்டாக விலகி இருந்தால் வழியில் பிரித்துப் படித்திருக்கிறான் என்று அர்த்தம், எனக்குச் சொல். மரியஜான் நல்ல பையன்தான், இருந்தாலும் ஏர்போர்ட்டில் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு என்னென்னவோ தோன்றும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் அம்மை பக்கத்தில் வந்து நிற்பாள். நீயும் ஸ்பீக்கரில் போட்டு ரூமில் எல்லோரையும் கேட்க விடுகிறாய் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

விஷயம் சோலார் பிளேட்தான். அக்டோபரில் நீ சொன்னாய், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் பதினாலு மணி நேரம் கரண்ட் போகிறது, அம்மைக்கு இழுப்பு வந்தால் நெபுலைசர் மெஷின் ஓடவேண்டும், மாடியில் பிளேட்டும் கீழே பாட்டரியும் வைத்துவிடலாம், வீடு அதற்குத் தோதுதானா என்று மட்டும் ஆள்விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று. அதற்கு முன்னால் நீ இன்வெர்ட்டர் வாங்கச் சொன்னபோதும் நான் தட்டிக்கழித்தவன். ஆசிட் நிறைந்த பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவது எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில் இன்வெர்ட்டர் எதைக் குடித்துச் சார்ஜ் ஏறும் என்றும் கேட்டேன். சோலாருக்கு அப்படி ஒரு பதில் கையில் இல்லாததால் பார்க்கிறேன் என்றேன். பார்த்துப் பார்த்தே நாலு மாதம் போய்விட்டது. நான் என்ன பார்த்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

முதலில் வந்தவன் ஜான்ரோஸ் என்று ஒரு ஏஜென்ட், மார்த்தாண்டத்துக்காரன், டிசம்பர் முதல் வாரம் பைக்கில் வந்தான். இன் பண்ணின சட்டை, கறுப்புக் கண்ணாடி. மாடிக்கு ஏறினான், கையை இடுப்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான், சூப்பர் வெயில், நூற்றுக்கு நூறு தோது என்றான். மாடியில் நின்றது இரண்டு நிமிஷம், கீழே இறங்கி ஃபாரத்தை நீட்டியபடி காப்பி குடித்தது அரை மணி நேரம். உன் அம்மை கருவாடு காயப்போடும் இடம் எது என்று அவன் கேட்கவில்லை. காக்கை எச்சமும் மீன் செதிலும் கண்ணாடியில் ஒட்டினால் யார் கழுவுவது என்று நான் கேட்டதற்கு, மழை பெய்தால் போய்விடும் என்றான். காற்று அடித்தால் என்ன ஆகும் என்றேன், அலுமினியம் ஸ்டாண்டு, ஆயுசுக்கும் துரு ஏறாது என்றான். கடற்கரையில் வந்து நின்றுகொண்டு துரு ஏறாது என்று ஒருவன் சொன்னால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். நாற்பத்தெட்டு வருஷம் இந்த உப்புத் தண்ணீரில் இரும்பு என்ன பாடு படுகிறது என்று பார்த்தவன் நான். சாம்பிளுக்கு ஒரு துண்டு தா என்று அவன் பையிலிருந்து கிளாம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டேன். அவன் போனதும் அம்மை மீன் உப்புப் போடும் தொட்டியில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டேன், பகலில் தொட்டியில், சாயந்தரம் எடுத்து மாடிச் சுவர் மேல் காற்றில். பன்னிரண்டாம் நாள் பெயின்ட் பொரிந்து உள்ளே சிவப்பாக எட்டிப் பார்த்தது. அலுமினியம் எங்கே சிவப்பாகும்? நான் போன் பண்ணி அதைக் கேட்டபோது, அண்ணாச்சி உப்புத் தண்ணியிலயா போட்டீரு, அப்படிச் செய்யலாமா என்று என்னிடமே கோபப்பட்டான். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைப் போல் சமீபத்தில் வந்ததில்லை. அந்தத் துருத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினேன்.

அந்த நாட்களில் நான் காலையில் வீட்டில் இருப்பதில்லை என்று உனக்குத் தெரியும். புதுக் கோவில் வேலை நடக்கிறது, நான் கோவில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவையில் இருக்கிறேன், சிமென்ட் மூட்டை வந்து இறங்குகிறது. வேலையாட்கள் வெளியூர்க்காரர்கள், மூட்டை எண்ணிக்கை குறைந்தால் யாரைக் கேட்பது? அதனால் ஒன்பது மணிக்குப் போனால் ஒரு மணி வரைக்கும் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஒருவனும் ஒரு சட்டி சிமென்ட்கூட வெளியே கொண்டுபோனதில்லை, நான் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். நம் வீட்டில் பகல் கரண்ட் போவதும் அந்த நேரம்தான். அம்மையிடம் கேட்டால் எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் போங்கள் என்பாள். நானும் போவேன்.

கிறிஸ்மஸ் முடிந்து ஒரு நாள் நெபுலைசர் மெஷினை எடுத்து வைக்கும்போது அடிப்பக்கம் மணல் ஒட்டியிருந்தது. அலமாரிக்குள் இருக்கும் மெஷினுக்கு மணல் எப்படி வரும்? கடற்கரை மணல், ஈரம்கூடக் காயவில்லை. நான் ஒன்றும் கேட்காமல் மறுநாள் மெஷின் வயரில் ஒரு வெள்ளை நூல் கட்டி, இந்தப் பக்கம் முடிச்சு இருக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் முடிச்சு அந்தப் பக்கம். கூட்டிப் பெருக்க வரும் சொர்ணம்மாள்தான் எடுத்துக்கொண்டுபோய் அவள் மாமியாருக்கு வைக்கிறாள் என்று முடிவு பண்ணினேன், அவள் மாமியாருக்கும் இழுப்பு உண்டு. சொர்ணம்மாளைக் கூப்பிட்டு நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, அம்மையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போனாள். அம்மை அன்று சாயந்தரம் முழுவதும் என்னோடு பேசவில்லை. வீட்டு வேலை தலையில் விழுந்துவிட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் நாகர்கோவில் கம்பெனி ஒன்றிலிருந்து சிந்தியா என்று ஒரு பெண் வந்தாள், இன்ஜினீயர், இருபத்தைந்து வயது இருக்கும். இவள் ஜான்ரோஸ் மாதிரி இல்லை. காப்பி வேண்டாம் என்றாள், அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, எதையோ மறைக்க வந்தவள்தான் காப்பி வேண்டாம் என்பாள் என்று பின்னாலேயே ஏறினேன். மாடி முழுவதும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். எந்த வருஷம் போட்ட கான்கிரீட், எங்கிருந்து மணல் எடுத்தார்கள் என்று கேட்டாள். ஆற்று மணல்தான் என்றேன், கடல் மணல் கலந்தார்களோ என்று எனக்கே இருபது வருஷமாக ஒரு சந்தேகம் இருப்பதைச் சொல்லவில்லை. தளம் தாங்கும் என்றாள். கைப்பிடிச் சுவர் உயரம் அளந்தாள், தண்ணீர்த் தொட்டி நிழல் எங்கே விழும் என்று பார்த்தாள். கரண்ட் கார்டு யார் பேரில் என்று கேட்டாள், எதற்கு என்று நான் கேட்டேன், சொன்னாள், நியாயமாகத்தான் இருந்தது. அவள் ஸ்டாண்டு துண்டும் போல்ட்டும் வாங்கித் தொட்டியில் போட்டு ஒரு வாரம் வைத்தேன், ஒரு புள்ளிகூட வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கருவாடு காயும் மாடியில் பிளேட்டை வாரத்துக்கு இரண்டு தடவை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும், அதற்கு ஆள் உண்டா என்றும் கேட்டாள். இப்படிக் கேட்டுக் கேட்டு வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளும் ஒருத்தியை எப்படிச் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து, கையில் ஒரு சின்னக் கருவியைப் பிடித்து வானத்தை நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு வடகிழக்கே கையை நீட்டி, அங்கே சாரம் கட்டி நிற்கிறதே அது என்ன என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் கோவில் மணிக்கோபுரம், இப்போது இருபது அடிதான் எழும்பி இருக்கிறது, முடியும்போது நூற்று நாற்பது அடி, பிளானில் நூற்றுப் பத்துதான் இருந்தது, அடுத்த ஊர்க்காரர்கள் நூற்று முப்பது கட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கூட்டத்தில் முதல் கையைத் தூக்கி நூற்று நாற்பது என்று சொன்னதே நான்தான் என்றேன். கடலில் நிற்பவன் கரையில் உள்ள கோபுரத்தையும் மலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் மீன் இருக்கும் இடம் பிடிப்பான், கோபுரம் உயர்ந்தால் இன்னும் தூரத்திலிருந்து தெரியும் என்றும் விளக்கினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நோட்டில் எதையோ போட்டுப் பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். அப்புறம் மெல்லச் சொன்னாள், மாமா இப்ப தை மாசம், சூரியன் தெக்க நிக்கி, அதான் ஒங்க மாடி இப்படிப் பளபளன்னு கெடக்கு, சித்திரை கழிஞ்சா சூரியன் வடக்க ஏறும்லா, அப்ப ஆவணி வர காலத்த ஏழு மணியிலேருந்து பதினோரு மணி வர இந்தக் கோபுரத்துக்க நிழலு நேரா இங்கனதான் வந்து படுக்கும் என்று. பாதி பிளேட்டில் நிழல் விழுந்தாலும் மீதியையும் அது இழுத்துக்கொண்டு போய்விடுமாம், ஒருவன் துடுப்பை விட்டால் கட்டுமரமே சுற்றுவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். காலையில் பாட்டரி ஏறவில்லை என்றால் மத்தியானம் மேகம் போட்ட நாளில் மெஷினுக்குக் கரண்ட் இருக்காது. மழைக்காலத்தில்தானே அம்மைக்கு இழுப்பு அதிகம்.

மக்கா, வைகாசி ஆனியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும் என்பது எனக்குத் தெரியாததா? கடலில் இருந்து அதைப் பார்க்காத நாளில்லை. கோபுரம் எங்கே நிற்கிறது, நம் வீடு எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் ஜான்ரோஸின் கிளாம்பையும் சொர்ணம்மாளின் கையையும் சிமென்ட் மூட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்கு இது தோது இல்லை என்று எழுதித்தரட்டுமா என்று சிந்தியா கேட்டாள். கூடவே கிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்து, அடுத்த மாடி யாருக்கது, அங்கன வச்சா வருசம் முழுக்க காலத்த நிழலு விழாது, வயர் இழுக்கவும் பத்தடிதான் என்றாள். நான் இறங்கிவிட்டேன். அந்த மாடி உன் சித்தப்பா ஆன்ட்ரூஸுடையது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாததல்ல, சுனாமி முடிந்து பங்கில் நிவாரணப் பட்டியல் எழுதியபோது ஆன்ட்ரூஸ் எழுதும் மேஜையில் இருந்தான். வலை போனவர்களின் முதல் பட்டியலில் என் பேர் இல்லை. கூடப் பிறந்தவன் எழுதும் பட்டியலில் கூடப் பிறந்தவன் பேர் விட்டுப்போகுமா? என் பேரை அடித்துவிட்டாய் என்று நான் சொன்னேன், அடிக்கவில்லை என்று அவன் சொன்னான், இரண்டாம் பட்டியலில் என் பேர் வந்தபோது பயந்து சேர்த்துவிட்டான் என்றும் சொன்னேன். அன்று நின்ற பேச்சு. எட்டு வருஷம், பத்தடி தூரம்.

ஆகவே நான் எனக்குத் தோன்றிய வழியில் போனேன். பிப்ரவரி மூன்றாம் தேதி இரண்டாம் பூசை முடிந்து பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, நூற்று நாற்பது அடி இந்தக் கடற்காற்றுக்கு ஆகாது, பழையபடி நூற்றுப் பத்தில் நிறுத்தினால்தான் பாதுகாப்பு என்று பேசினேன். நல்லாத்தான் பேசினேன் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒருவர், வோய் சிலுவைதாசா, கையத் தூக்கினப்ப காத்து அடிக்கலியா என்றார். இன்னொருவர், ஒமக்க வீட்டுல லைட்டு எரியதுக்கு மாதாவுக்க கோபுரம் குட்டையாவணுமாக்கும் என்றார். சிந்தியா வந்து போன விஷயம் தெருவெல்லாம் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள், பங்குச் சாமியார்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என்ன கேவலம் தெரியுமா, அவர்கள் நினைத்தது சரி, நான் காற்றுக்காகப் பேசவில்லை. அப்போது கடைசி வரிசையில் ஆன்ட்ரூஸ் எழுந்தான். என் பக்கம் பார்க்காமல் சாமியாரைப் பார்த்து, அண்ணனுக்கு வெயிலுதானே வேணும், எனக்க மாடில நெறைய கெடக்கு, அங்கன வச்சுக்கிடட்டு, கோபுரத்த கொறைக்காண்டாம் என்றான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதில் அவனுக்கு என்ன லாபம் என்றுதான் யோசித்தேன். பிளேட் அவன் மாடியில் இருந்தால் சாவி அவன் கையில், நாளைக்கு ஒரு சண்டை என்றால் வயரைப் பிடுங்கிப் போடுவான், அல்லது ஊர் முன்னால் நல்லவன் ஆகிவிட்டு அந்தப் பட்டியல் விஷயத்தை மூடப் பார்க்கிறான். இதையெல்லாம் அம்மையிடம் சத்தமாகச் சொன்னேன், அவள் புறவாசலில் உட்கார்ந்து சாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கரண்டை நம்பி உன்னை விடுவேனா என்று நான் சொன்ன இடத்தில் கத்தியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, அவனுக்க கரண்டுலதான் நான் கார்த்திகையிலேருந்து மூச்சு விடுதேன் என்றாள்.

மக்கா, எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். நவம்பரில் ஒரு நாள் நான் கோவில் வேலையிடத்தில் ஸ்டூல் போட்டு இருந்தபோது இழுப்பு வந்திருக்கிறது, கரண்ட் இல்லை, வாசல் வரை வந்து சுவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள். உன் சித்தி பார்த்துவிட்டு ஓடி வந்து ஒரு கையில் மெஷினும் ஒரு கையில் அம்மையுமாகப் பின்வேலி வழியாக அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறாள். அதிலிருந்து கரண்ட் இல்லாத நேரத்தில் எப்போது இழுப்பு வந்தாலும் அதே வழி, வழியில் அம்மை இளைப்பாற நிற்கும்போது மெஷினை மணலில் இறக்கி வைப்பார்கள். சொர்ணம்மாளுக்கு எல்லாம் தெரியும், அம்மை சத்தியம் வாங்கியிருந்ததால் வேலை போனபோதும் அவள் வாய் திறக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒமக்கு வைராக்கியம் பெருசு, எனக்கு மூச்சு பெருசு, நீரு அறிஞ்சா அங்கன போவ விடமாட்டீரு என்றாள். விட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை, அதனால் சொல்லவில்லை. நூல் கட்டிப் பார்த்த எனக்கு, என் வீட்டுக்காரி யார் வீட்டில் மூச்சு விடுகிறாள் என்று தெரியவில்லை. வெட்கம் என்றால் இதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சொர்ணம்மாள் வீட்டுக்குப் போய் மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன். வேறு வீட்டில் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்றாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

நேற்றுச் சனிக்கிழமை சிந்தியாவை வரவழைத்து ஆன்ட்ரூஸ் வீட்டுக்குப் போனோம். முன்வாசல் வழியாகப் போனேன், உன் சித்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கரண்ட் இல்லாத நேரம், இன்வெர்ட்டர் இருந்தும் ஃபேன் சுற்றவில்லை, ஆன்ட்ரூஸ் துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். சுவரில் ஃபேன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன், உன் சித்திதான் சொன்னாள், நாங்க பகல்ல ஃபேன் போட்டா பாட்டரி எறங்கிப் போவும், அக்காளுக்கு மெஷின் ஓடாதுல்லா, மறந்துபோயிட்டு யாரும் தட்டிரப்பிடாதுன்னு ஒட்டி வச்சிருக்காவ என்று. கார்த்திகையிலிருந்து அந்த வீட்டில் பகலில் ஒருவரும் ஃபேன் காற்று வாங்கவில்லை. நான் தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாடியில் சிந்தியா அளக்கும் நாடாவை நீட்டி ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை ஆன்ட்ரூஸிடமும் கொடுத்து இழுத்துப் பிடியுங்கள் என்றாள். பிடித்துக்கொண்டு நின்றோம். தளம் தட்டிப் பார்த்தாள், நல்ல தளம். கோபுரம் இங்கிருந்து நேர் வடக்கே வருகிறது, உச்சி வேளையில் ஓரத்தில் கொஞ்சம் நிழல் எட்டும், அந்த ஓரத்தை விட்டுவிட்டால் போதும் என்றாள். இரண்டு வீட்டுக்குமாக ஒரே பாட்டரி வைக்கலாமா, தனித்தனியா என்று கேட்டாள், ஆன்ட்ரூஸ் என்னைப் பார்த்தான், ஒன்றாகவே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். பிறகு அவள் எழுதுவதற்காகக் கீழே இறங்கினாள், நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அந்தப் பட்டியலில் என் பேரை நீ அடித்தாயா என்று கேட்கத்தான் எட்டு வருஷமாக ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன், கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. உன் அம்மையின் பேரைச் சொல்லி, விக்டோரியாவுக்கு எத்தனை தடவை இப்படி வந்தது என்று கேட்டேன். அவன் விரல் விட்டெல்லாம் எண்ணவில்லை, உடனே சொன்னான், பதினோரு தடவ அண்ணே, அதுல ரெண்டு தடவ ஆசுவத்திரிக்குக் கொண்டுபோவணும்னு கார்காரனக் கூப்பிட்டு நிறுத்தியாச்சு, பொறவு மெஷினுலேயே அடங்கிட்டு என்று. நான் அறிந்தது இரண்டு. நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்கிறவளுக்கு எத்தனை தடவை மூச்சு நின்று வந்தது என்று நான் பேசாத தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், மக்கா.

பிளேட் அவன் மாடியில்தான் வருகிறது, தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வருவதற்குள் வைத்துத் தருவதாகச் சிந்தியா சொல்லியிருக்கிறாள். ஸ்டூலை நேற்றே வேலையிடத்திலிருந்து எடுத்து வந்துவிட்டேன், சிமென்ட் போனால் போகட்டும். எனக்குச் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அந்தப் பட்டியல் விஷயம் இன்னும் எனக்குத் தெரியாது, தெரியாமலே சாகவும் செய்யலாம். பிரிஜாவுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று நினைக்கிறேன், போன தடவை வந்தபோது புறவாசல் வழியாக எங்கேயோ போய் வந்தாள். தை மாதம் நீயும் திடீரென்று சித்தப்பா நம்பர் இருக்கிறதா என்று அம்மையிடம் கேட்டாய். நீயும் அறிந்திருந்தால் மறைக்காமல் எழுது, கோபப்பட மாட்டேன், அந்த உரிமை எனக்கு இல்லை.

வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, பாஸ்போர்ட்டை ஒருவனிடமும் கொடுத்து வைக்காதே. வெயிலில் ஏசி யூனிட் மாட்ட மேலே ஏறும்போது தலையில் துண்டு நனைத்துப் போட்டுக்கொள். கருவாடு ஒரு பொதி மரியஜானிடம் கொடுத்திருக்கிறேன், எட்டுத் துண்டு நெய்மீன், எண்ணி வாங்கு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் உனக்கு வாய்க்கட்டும், அவர்களை உடனே அடையாளம் காணும் கண்ணையும் உனக்குத் தரட்டும்.

ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அம்மைக்கு எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டு நிறுத்திவிடாதே. ஆன்ட்ரூஸையும் கூப்பிட்டுக் கேள். எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிலுவைதாசன்